ஒரு கரண்டி புளித்த பால்

1881 ஜனவரி 29. வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் 43 வயதுப் பெண் ஒருவரின் வயிற்றைத் திறந்தார். இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலைப் புற்றுக்கட்டி அடைத்திருந்தது. வாரக்கணக்கில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வெளியே வந்து, அந்தப் பெண் துரும்பாக இளைத்திருந்தார். பில்ரோத் கட்டியோடு சேர்த்து இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்தார். மிச்சமிருந்த இரைப்பையையும் சிறுகுடலின் முனையையும் ஏறத்தாழ ஐம்பது பட்டுநூல் தையல்களால் இணைத்தார். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை.

இதே ஆபரேஷனை அவருக்கு முன்பு இரண்டு பேர் முயன்றிருந்தார்கள். 1879இல் பாரிஸில் பெயான். 1880இல் போலந்து மருத்துவர் ரிடிகியர். பெயானின் நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். ரிடிகியரின் நோயாளி பன்னிரண்டு மணி நேரம்தான் தாங்கினார். பில்ரோத்தின் நோயாளி பிழைத்துக்கொண்டார். இன்றும் அந்த அறுவைக்கு 'பில்ரோத் ஒன்று' என்றுதான் பெயர்.

மருத்துவ வரலாற்றில் இந்தக் கதை பெரும்பாலும் கடைசித் தையலோடு முடிந்துவிடும். எனக்கு ஆர்வம் அதற்கு அடுத்த நாள் மேல். தையல் போட்டாயிற்று, நோயாளி கண் விழித்தாயிற்று. இனி என்ன சாப்பிடக் கொடுப்பது?

பில்ரோத் சில நாள் கழித்து ஒரு மருத்துவ வார இதழின் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அதையும் எழுதியிருக்கிறார். முதல் 24 மணி நேரம் வாயில் ஐஸ் துண்டுகள் மட்டும். மறுநாள் மணிக்கு ஒருமுறை, பிறகு அரை மணிக்கு ஒருமுறை, ஒரு கரண்டி புளித்த பால். நம்மூர் மோருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். சூப் கொடுத்துப் பார்த்தார்கள், அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டார். புளித்த பாலிலேயே நாளைக்கு ஒரு லிட்டர் வரை போனார்கள். ஐம்பது தையல் போட்ட இரைப்பைக்குள், இரண்டாம் நாளே.

அந்தப் பெண் நான்கு மாதம் வாழ்ந்து, புற்று திரும்பியதால் மே மாதம் இறந்தார். தையல் அவரைக் கைவிடவில்லை, பாலும் தையலைக் கெடுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த நூறு வருஷத்தில், உலகம் முழுக்க வயிற்று ஆபரேஷன் முடிந்தவர்களின் கட்டிலுக்கு மேல் தொங்கிய அட்டை சொன்னது வேறு: 'வாய்வழி எதுவும் கூடாது.' மூன்று நாள், ஐந்து நாள், சில நேரம் ஒரு வாரம். டியூட்டி டாக்டர் வந்து நிற்பார். "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்பார். பிரிந்தால் தண்ணீர். பிரியாவிட்டால் இன்னொரு நாள் பட்டினி. 1881இல் கிடைத்த கரண்டி பாலை மருத்துவம் எங்கே தொலைத்தது, மறுபடி கண்டெடுக்க ஏன் ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

பில்ரோத்தை ஞானி ஆக்கிவிட வேண்டாம். அவருக்கு வேறு வழி கிடையாது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும் வசதி அன்று இல்லை. வாய் வேண்டாம் என்றால் மிச்சமிருந்தது ஆசனவாய் ஒன்றுதான். அதையும் அவர் செய்தார். செரிமானம் செய்த புரதக் கரைசலையும் ஒயினையும் எனிமாவாகக் கொடுத்தார். புரதக் கரைசல் வயிற்றை உப்ப வைத்து வலித்ததால் அதை நிறுத்தினார்.

அதே 1881இல் அட்லாண்டிக்கின் மறுகரையில் இந்த வழி எதுவரை போகும் என்று தெரிந்தது. ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். காயம் சீழ் பிடித்தது, சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை. ஆகஸ்டில் அவருடைய மருத்துவர்கள் மாட்டிறைச்சிச் சாறு, முட்டைக் கரு போன்றவற்றை ஆசனவாய் வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பெருங்குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும். முட்டையையும் இறைச்சியையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சுடப்பட்டபோது 95 கிலோ அளவில் இருந்த மனிதர், செப்டம்பர் 19ஆம் தேதி இறக்கும்போது 60 கிலோவைத் தொட்டிருந்தார். அவரைக் கொன்றது தொற்று என்றுதான் எழுதுவார்கள், அது சரியும்கூட. ஆனால் எண்பது நாளில் 35 கிலோ இழந்த உடம்பிடம் தொற்றோடு சண்டை போட என்ன மிச்சம் இருந்திருக்கும்?

இருபதாம் நூற்றாண்டு வந்தது. வயிற்று ஆபரேஷன்கள் பெருகின. கூடவே ஒரு பயமும் பெருகியது. குடலை வெட்டி ஒட்டிய இடம் விட்டுப்போனால், உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் கசிந்து, சீழ் பரவி, ஆள் காலி. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அது கிட்டத்தட்ட மரண தண்டனை. ஆகவே இணைப்பு ஆறும்வரை குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், ஒன்றும் உள்ளே போகக்கூடாது. எலும்பு முறிந்த கையைத் தூளியில் தொங்கவிடுவதுபோல. கேட்டால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இந்த நியாயத்துக்கு ஒரு கருவியும் துணைக்கு வந்தது. 1921இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஆபிரகாம் லெவின், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயை அறிமுகப்படுத்தினார். 1930களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் அந்தக் குழாயோடு இடைவிடாமல் உறிஞ்சும் அமைப்பைச் சேர்த்தார். குடல் அடைத்துக்கொண்டவர்களின் வயிறு பானைபோல் வீங்குவதற்குப் பெரிய காரணம் விழுங்கிய காற்றுதான் என்று காட்டியவர் அவர். காற்றையும் நீரையும் வெளியே இழுத்துவிட்டால் வீக்கம் அடங்கியது, செத்திருக்க வேண்டியவர்கள் பிழைத்தார்கள். உண்மையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. குடல் அடைத்தவர்களுக்குக் கைகொடுத்த குழாய், அடைப்பே இல்லாதவர்களின் மூக்கிலும் ஏறியது. வயிற்றைத் திறந்தாயா, குழாயைப் போடு. அது வழக்கமாயிற்று, வழக்கம் விதியாயிற்று.

சாப்பாட்டை ஆபரேஷனுக்கு முன்பும் நிறுத்தும் விதிக்கு வேறொரு பிறப்பிடம் உண்டு. 1946இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களை ஆராய்ந்து எழுதினார். மயக்க மருந்தின்போது வயிற்றிலிருந்தது மேலேறி நுரையீரலுக்குள் போனது 66 பேருக்கு. இறந்தது இரண்டு பேர், இருவருமே திட உணவு மூச்சுக்குழாயை அடைத்ததால். அன்றைய மயக்க முறையில், பிரசவ வலியில் இருந்த பெண்களைப் பற்றிய ஆய்வு அது. அது மெல்ல மெல்ல எல்லா ஆபரேஷனுக்கும், எல்லா நோயாளிக்கும், தண்ணீருக்கும்கூட, 'நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது' என்று ஆகிப்போனது.

நான் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கலாம். பழைய நிரலில் ஒரு வரி இருக்கும். பக்கத்தில் 'இதைத் தொடாதே' என்று ஒரு குறிப்பு. எழுதியவர் வேலையை விட்டுப்போய்ப் பத்து வருஷம் இருக்கும். அந்த வரி எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ அந்த ஆபத்து இன்று இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் தொட மாட்டார்கள். தொட்டு ஏதாவது உடைந்தால் தொட்டவன் பொறுப்பு. தொடாமல் விட்டு அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருந்தால், அதற்கு யாரும் பொறுப்பில்லை.

வார்டில் நடந்ததும் இதுதான். சாப்பிடக் கொடுத்த நோயாளிக்கு இணைப்பு கசிந்தால், கொடுத்தவர் மேல் பழி. பட்டினி போட்ட நோயாளி மூன்றாம் வாரம் நிமோனியாவில் போனால், "உடம்பில் சக்தி இல்லை, என்ன செய்வது?" பட்டினி போட்டவர் மேல் ஒரு சொல் விழாது. பட்டினிக்குக் கையெழுத்து கிடையாது.

அந்தப் பட்டினியின் விலையை அளந்தவர்கள் வேறு சிலர். முதலாமவர் டேவிட் கத்பர்ட்சன், கிளாஸ்கோவில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். 1930 வாக்கில் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சேகரித்து, அதில் எவ்வளவு நைட்ரஜன் போகிறது என்று பார்த்தார். நைட்ரஜன் போகிறது என்றால் புரதம் போகிறது என்று அர்த்தம். முறிந்தது ஒரு எலும்பு. ஆனால் கரைந்துகொண்டிருந்தது உடம்பு முழுக்க இருந்த தசை. நாலைந்து நாளில் இழப்பு உச்சத்துக்குப் போய், பிறகு வாரக்கணக்கில் மெல்ல இறங்கியது. நிறையச் சாப்பாடு கொடுத்தால் இழப்பு குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. காயம் பட்ட உடம்பு தன் தசையை உடைத்து, அந்தச் சரக்கைப் புண் ஆற்றவும் தொற்றை எதிர்க்கவும் அனுப்புகிறது. வீட்டுக் கதவைப் பிடுங்கி அடுப்பு எரிக்கிற மாதிரி.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் நைட்ரஜன் என்பது சுமார் ஆறேகால் கிராம் புரதம், அதாவது ஏறக்குறைய முப்பது கிராம் தசை. நாளைக்குப் பத்து கிராம் நைட்ரஜன் இழந்தால் முந்நூறு கிராம் தசை. ஒரு வாரத்தில் இரண்டு கிலோ. இதில் இருமும் தசையும் மூச்சு இழுக்கும் தசையும் அடக்கம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு நிமோனியா ஏன் அவ்வளவு எளிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதிலிருக்கிறது.

இரண்டாமவர் ஹைரம் ஸ்டட்லி, கிளீவ்லேண்டில் அறுவை மருத்துவர். வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் யார் பிழைக்கிறார்கள், யார் இறக்கிறார்கள் என்று 1936இல் பார்த்தார். ஆபரேஷனுக்கு முன்பே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் 33.3 சதவீதம் பேர் இறந்தார்கள். அவ்வளவு இழக்காதவர்களில் 3.5 சதவீதம். வயதைவிட, ஆபரேஷன் வகையைவிட எடை இழப்புதான் அதிகம் சொன்னது. ஒரு எடைமேடை போதும், அதுவும் அன்று எல்லா ஆஸ்பத்திரியிலும் இருந்தது. என்றாலும் நோயாளியின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கமாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

"டிரிப்ஸ்தான் ஏறுதே, அப்புறம் என்ன பட்டினி?" என்று கேட்கத் தோன்றும். பாட்டில் தொங்கினால் நம் ஆட்களுக்கு நிம்மதி, அதில் தெம்பு இறங்குவதாக எண்ணம். ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டில் ஒன்றில் அரை லிட்டர் இருக்கும், அதில் 25 கிராம் சர்க்கரை. நாள் முழுக்க ஆறு பாட்டில் ஏற்றினாலும் 600 கலோரியைத் தாண்டாது. பத்துப் பன்னிரண்டு இட்லிக்குச் சமம், அதிலும் இட்லியில் இருக்கும் புரதம்கூடக் கிடையாது. சர்க்கரையை அடர்த்தியாக்கி ஏற்றலாமே என்றால், கை நரம்பு தாங்காது, வெந்து அடைத்துக்கொள்ளும்.

இந்தச் சுவரை உடைத்தவர் பிலடெல்பியாவின் ஸ்டான்லி டட்ரிக். அவருடைய ஆசான் ஜொனாதன் ரோட்ஸ் பல வருஷமாக இதே கேள்வியோடு இருந்தவர். பயிற்சி மருத்துவராக இருந்த நாளில், ஆபரேஷன் குறையில்லாமல் முடிந்த நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைப் பார்த்து டட்ரிக் நொந்துபோனார். தையல் விட்டதால் அல்ல, உடம்பு வற்றியதால். 1960களின் நடுவில் அவர் பீகிள் நாய்க்குட்டிகளை எடுத்துக்கொண்டார். இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரை ஒரு குழாயைக் கொண்டுபோனார். அங்கே ரத்தம் ஆறுபோல் ஓடும், அடர்ந்த சர்க்கரையும் புரதக் கரைசலும் விழுந்த நொடியே கலந்துவிடும். வாயால் எதுவும் சாப்பிடாத குட்டிகள், சாப்பிட்ட உடன்பிறப்புகளுக்கு ஈடாக வளர்ந்தன.

1967இல் சிறுகுடலே கிட்டத்தட்ட இல்லாமல் பிறந்த பெண் குழந்தை ஒன்று அதே நகரத்தில் சாகக் கிடந்தது. அதே முறையில் ஊட்டினார்கள். குழந்தை எடை போட்டது, நீளம் வளர்ந்தது, சிரித்தது. இரண்டு வயதை எட்டும் முன் இறந்தாலும், வாயும் குடலும் இல்லாமல் ஒரு மனித உயிர் வளர முடியும் என்று காட்டிவிட்டுப் போனது. அதே காலத்தில் ஸ்வீடனின் ஆர்விட் வ்ரெட்லிண்ட், சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் கொழுப்புப் பொருளால் நுண்துளியாக்கி, நரம்பில் ஏற்றக்கூடிய கொழுப்பைச் செய்துவிட்டார். இன்றும் குடல் செயலற்றுப்போனவர்கள் உயிரோடிருப்பது இந்த வெள்ளைப் பையின் தயவில்தான்.

வெற்றிக்குப் பின் பழைய கதை திரும்பியது. குடல் வேலை செய்யாதவருக்காக வந்த பை, வேலை செய்யும் குடல் உள்ளவருக்கும் தொங்கியது. வாய்க்குப் பூட்டு, நரம்புக்கு விருந்து. 1991இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. ஊட்டம் குறைந்த 395 நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நரம்பு வழி உணவு. அவர்களில் 14.1 சதவீதம் பேருக்குத் தொற்று, மற்றவர்களில் 6.4 சதவீதம். மிக மோசமாக வற்றிப்போனவர்களுக்கு மட்டும் தெளிவான நன்மை: தொற்று அல்லாத சிக்கல்கள் 43 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கின. உயிர் காக்கும் கருவிதான். எல்லோருக்குமான கருவி அல்ல.

அப்படியானால் குடலே வேலை செய்யட்டுமே, ஏன் இவ்வளவு தயக்கம்? இங்கேதான் 'குடலுக்கு ஓய்வு' என்ற எண்ணத்தின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாவிட்டாலும் குடல் காலியாக இருப்பதில்லை. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கும் நீர் என்று ஒரு நாளில் லிட்டர் கணக்கில் ஊறுகிறது. சாதாரண நாளில் மொத்தம் ஏழு லிட்டர் வரை. பட்டினியில் குறையும், நிற்காது. தையல் போட்ட இடத்தைத் தாண்டித்தான் அத்தனையும் போக வேண்டும். அமிலமும் பித்தமும் போகும் பாதையில் ஒரு டம்ளர் மோரைத் தடுத்து என்ன காப்பாற்றினோம்?

'குடல் தூங்குகிறது' என்பதும் பாதி உண்மைதான். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுகுடல் சில மணி நேரத்தில் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடல்தான் சோம்பேறி, இரண்டு மூன்று நாள் எடுக்கும். காற்று பிரிவது என்பது பெருங்குடல் எழுந்ததற்கான அடையாளம். சிறுகுடல் எழுந்து இரண்டு நாளாய்க் காத்திருந்தது யாருக்கும் கேட்கவில்லை.

இன்னும் வேடிக்கை, குடலைத் தூங்க வைத்ததில் நம் பங்கும் உண்டு. வலிக்குப் போடும் மார்ஃபின் குடலை மந்தமாக்கும். உப்புநீர் டிரிப்ஸை அளவுக்கு மீறி ஏற்றினால் குடற்சுவரும் வீங்கும். 2002இல் நாட்டிங்ஹாமில் டிலீப் லோபோ குழுவினர் பெருங்குடல் ஆபரேஷன் முடிந்த இருபது பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு உப்புநீர் ஏற்றப்பட்டவர்களின் இரைப்பை மெதுவாகத்தான் காலியானது. அவர்கள் வீட்டுக்குப் போக நடுமதிப்பாக ஒன்பது நாள். அளவாக ஏற்றியவர்களுக்கு ஆறு நாள். குடல் எழவில்லை என்று டிரிப்ஸ் போட்டோம், டிரிப்ஸ் போட்டதால் குடல் எழவில்லை.

இந்த முடிச்சுகளையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துப் பார்த்தவர் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட். கோபன்ஹேகன் அருகே ஹ்விடோவ்ரே மருத்துவமனையில் வேலை பார்த்தவர். புதிய மருந்தோ புதிய கத்தியோ அவர் தேடவில்லை. ஆபரேஷன் முடிந்த நோயாளி இன்று ஏன் இன்னும் கட்டிலில் இருக்கிறார் என்று கேட்டார். வலியா? முதுகுத்தண்டருகே மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து கொடுத்தால் மார்ஃபின் குறையும். குமட்டலா? அதற்கு முன்கூட்டியே மருந்து. மூக்குக் குழாயா? எடுத்துவிடு. அன்று மாலையே குடிக்கட்டும், கட்டிலிலிருந்து இறங்கட்டும், மறுநாள் சாப்பிட்டு நடக்கட்டும்.

1995இல் சில முதியவர்களோடு தொடங்கினார். 2000இல் வெளியான அறிக்கையில் பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த அறுபது பேர், நடுமதிப்பு வயது 74. அவர்களில் 57 பேருக்கு 48 மணி நேரத்துக்குள் குடல் இயல்புக்கு வந்தது. வீடு திரும்ப நடுமதிப்பாக இரண்டே நாள். பத்து நாள் படுக்கை சகஜமாக இருந்த ஆபரேஷன் அது. சிலர் திரும்ப வரவேண்டியிருந்தது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது, கிட்டத்தட்ட ஏழில் ஒருவர். அதையும் மறைக்காமல் எழுதியதால்தான் மற்றவர்கள் நம்பினார்கள்.

அடுத்த வருஷம் வேறு குழுவினர் அதுவரை நடந்த சோதனைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 11 ஆய்வுகள், 837 நோயாளிகள். சீக்கிரம் உணவு கொடுத்தவர்களுக்கு இணைப்பு அதிகம் கசியவில்லை. தொற்று குறைந்தது. வாந்தி மட்டும் சற்று அதிகம். நூறு வருஷப் பயத்தை நியாயப்படுத்தும் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அதே 2001இல் ஸ்வீடனின் ஒல்லே லியுங்விஸ்ட்டும் ஸ்காட்லாந்தின் கென் ஃபியரனும் சேர்ந்து தொடங்கிய குழுதான் இன்று பல நாடுகள் பின்பற்றும் 'விரைவு மீட்பு' நெறிமுறைகளின் தாய்வீடு. மெண்டல்சன் விதியும் தளர்ந்தது. சிக்கலில்லாத நோயாளி மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிவான பானம் குடிக்கலாம்.

சில வருஷம் முன்பு அப்பாவுக்குப் பெருங்குடல் ஆபரேஷன் ஆனபோது இந்த மாற்றம் எங்கள் குடும்பத்துக்குள்ளும் வந்தது. மறுநாள் காலை தண்ணீர், மதியம் மோர், அதற்கு மறுநாள் இட்லி. போனில் சொன்னதும் அத்தை அலறினார். "ரெண்டாம் நாளே இட்லியா? வயித்த அறுத்திருக்காங்க, விளையாட்டா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷம் அறுவை மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டதும் அதுவேதானே. அத்தையை மூடநம்பிக்கைக்காரி என்று ஒதுக்க முடியவில்லை. அவர் அறிந்த ஆஸ்பத்திரி அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

வீடு வந்ததும் இரண்டாம் சுற்று. பத்தியம். முட்டை கூடாது, புண் சீழ் வைக்கும். மீன் கூடாது, கத்தரிக்காய் கூடாது, பருப்பு வாயு. கடைசியில் மிஞ்சியது ரசம் சாதமும் அரிசிக் கஞ்சியும். ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்திருந்தார்: கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் வரை புரதம். அறுபது கிலோ அப்பாவுக்கு 75 முதல் 90 கிராம். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் மூன்று கிராம் இருந்தால் அதிகம். ஒரு முட்டையில் ஆறு. கத்பர்ட்சன் கிளாஸ்கோவில் அளந்த இழப்பை எங்கள் சமையலறை ரசத்தால் ஈடுகட்டப் பார்த்தது.

அத்தையோடு வாதம் பண்ணிப் பயனில்லை. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கஞ்சி கஞ்சிதான், ஆனால் பாசிப்பருப்பு சரிபாதி. மோர் மோர்தான், கெட்டித் தயிரிலிருந்து. பாலில் பால்பவுடர் இரண்டு கரண்டி. ஒரு வேளையில் நிறைய இறங்காது என்பதால் ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம். பத்து நாள் கழித்து அத்தையே, "முட்டையோட வெள்ளைய மட்டும் குடுங்க, பாப்போம்" என்றார். பத்தியம் என்ற சொல்லைக் கைவிடாமலே பத்தியத்தின் உள்ளடக்கம் மாறிப்போனது. விதிகள் பெரும்பாலும் அப்படித்தான் மாறும் போலிருக்கிறது.

எதிர்த் திசையில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் உடனே என்பதல்ல இந்த வரலாறு சொல்வது. குடல் அடைத்தவருக்கு வாங்கன்ஸ்டீனின் குழாய் இன்றும் உயிர். இணைப்பு கசிந்தவருக்கு, குடல் பெரும்பகுதி போனவருக்கு டட்ரிக்கின் பை உயிர். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுபோகலாம், அவர்களுக்கு மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இரைப்பையை முழுக்க எடுத்தவர்களுக்கு உணவு சிறுகுடலில் சடாரென்று விழுந்து தலைசுற்றும், ஆகவே சிறு சிறு வேளைகள். பி12 உறிஞ்ச முடியாது, ஆகவே ஆயுள் முழுக்க ஊசி. யாருக்கு எது என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்த உடம்பைத் திறந்து பார்த்தவர். பழைய விதியின் குற்றம் எச்சரிக்கையாக இருந்தது அல்ல. ஆளைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தது.

2008இல் நார்வேயில் கிறிஸ்டோஃபர் லாசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இரைப்பை, கணையம் போன்ற மேல்வயிற்றுப் பெரிய ஆபரேஷன்கள். நானூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள். பாதிப் பேருக்கு வாய்க்குப் பூட்டு, சிறுகுடலில் குழாய் வழியாக உணவு. மீதிப் பேருக்கு மறுநாளிலிருந்து சாதாரணச் சாப்பாடு, வேண்டியதை வேண்டிய அளவு. சாப்பிட்டவர்களுக்குச் சிக்கல்கள் கூடவில்லை. அவர்களுக்குக் குடல் முன்னதாக எழுந்தது, வீட்டுக்கும் முன்னதாகப் போனார்கள்.

வேண்டியதை வேண்டிய அளவு. பில்ரோத்தின் கடிதத்தை அதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். மயக்க மருந்து, கத்தி, பட்டுநூல் என்று வரிசையாகப் போகும் அந்த விவரங்களுக்கு நடுவே நோயாளியின் விருப்பம் ஒரே ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. சூப் வேண்டாம் என்கிறார். புளித்த பால் போதும் என்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அதையே கொடுக்கிறார்கள்.